மேட்டூர் உபரி நீரும் மேச்சேரி மேட்டுக்காடும்: குறைதீர் கூட்ட மனுவுக்குக் கருத்துக் கேட்கிறேன்

மேச்சேரி மேட்டுக்காடு எழுதியது:

எங்கள் காட்டிலிருந்து பேருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் மேட்டூர் அணையின் கரையில் போய் நிற்கலாம். அப்படியிருந்தும் எங்கள் ஏரி கடைசியாக நிரம்பிக் கோடி போனது எப்போது என்று என் மகன் கேட்டால், என் தந்தையார் சொல்லக் கேட்ட ஆண்டைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்பது அடிக் கிணறு வற்றிவிட்டது. எண்ணூறு அடிக்குப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் வெறும் கல்தூள் புகைதான் வந்தது. இரண்டு ஏக்கர் மரவள்ளியையும் பதினெட்டு செம்மறிகளையும் வைத்துக் குடும்பத்தை நடத்துகிறோம்.

2024 ஆடியில் அணை நிரம்பி 16 கண் மதகுகளைத் திறந்துவிட்டபோது குடும்பத்தோடு பார்க்கப் போயிருந்தோம். நுங்கும் நுரையுமாக அந்தத் தண்ணீர் போன வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என் தாயார், "இதில் ஒரு நாள் தண்ணீர் நம் ஏரிக்கு வந்திருந்தால் போதுமே" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்க எங்கள் ஊரார் முடிவு செய்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஊரில் பேசும்போது மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்சாரம் எடுப்பதற்காகவே அணையைக் காலி செய்கிறார்கள் என்பது ஒன்று. மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து இருக்காது என்பது பெரியவர்கள் சொல்லும் இன்னொன்று. அணை நம் மாவட்டத்தில் இருப்பதால் அதில் நமக்கு நிரந்தரப் பங்கு வேண்டும் என்பது மூன்றாவது. தவறான ஒரு வரி இருந்தாலும் அதைக் காட்டியே மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் திருத்திச் சொல்ல வேண்டுகிறேன்.

சுரங்க மின்நிலையம் (ஓய்வு) எழுதியது:

தம்பி, முதல் இரண்டையும் மனுவில் சேர்க்காதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த எந்திரங்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பதைப் பாசனமும் குடிநீரும்தான் முடிவு செய்கின்றன. இவ்வளவு கன அடி விட வேண்டும் என்று நீர்வளத் துறையிலிருந்து சொல்வார்கள். அந்த அளவுக்கு எத்தனை எந்திரம் ஓட்ட முடியுமோ அத்தனையை நாங்கள் ஓட்டுவோம். ஜூன் 12இல் டெல்டாவுக்குத் திறந்து ஜனவரி 28இல் மூடும் வழக்கமான ஆண்டில் அந்த 230 நாட்களும்தான் எங்களுக்கு மின்சாரக் காலம். மூடிய பிறகு குடிநீருக்கு விடும் சிறு அளவில் பெரும்பாலான எந்திரங்கள் ஓய்ந்து கிடக்கும். மின் தேவை உச்சத்தில் நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இங்கே உற்பத்தி மிகக் குறைவு. மின்சாரத்துக்காகவே நடத்தப்படும் அணையாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்கும்?

அணையின் அடிவாரத்தில் இருக்கும் அணை மின்நிலையம் 1937இல் தொடங்கியது. இன்று நான்கு எந்திரங்களில் 50 மெகாவாட். 1960களில் வந்த சுரங்க மின்நிலையத்தில் நான்கு 50 மெகாவாட் எந்திரங்கள், ஆக 200. இரண்டும் முழுத் திறனில் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 21,500 கன அடி வரை இவற்றின் வழியாகவே போகும். அதற்கு மேல் வரும் வெள்ளம்தான் 16 கண் மதகுகளின் வழியாகப் போகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவுக்கு இதுவே முக்கியம்.

சத்து பற்றிய பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். எந்திரம் ஓடும்போது தரைத்தளத்தில் நின்றால் செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஒரு நடுக்கம் தெரியும். அது தண்ணீர் உயரத்திலிருந்து இறங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தை மட்டுமே எந்திரம் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல், எதுவும் சேராமல் வெளியே போகிறது. ஆனால் பெரியவர்கள் சொன்னதில் வேறு வகையில் உண்மை இருக்கிறது. செந்நிறமாக வந்த வெள்ளத்தில் இருந்த வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆறு சுமந்து வந்து வயலில் சேர்த்த அந்தச் சத்தைத் தடுத்தது சுவர்தான். பழியை மின்சாரம் சுமக்கிறது. 2017இல் விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ள அனுமதித்தது நினைவிருக்கலாம்.

அதே தண்ணீர் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணைகளில் தலா 30 மெகாவாட் தந்துவிட்டே பாசனத்துக்குப் போகிறது. ஒரே தண்ணீரை இத்தனை முறை பயன்படுத்துவதைத்தான் பல்நோக்கு என்கிறோம்.

பண்ணவாடிக்காரன் எழுதியது:

பங்கு என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். அணைக்காக நிலத்தைக் கொடுத்தவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். 1925இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்ட் 21இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி திறந்து வைத்தார். அவர் பெயரில்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம். நிரம்பி நிற்கும்போது 59 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கும் அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கள் வீடும் களமும் கோயிலும் இருக்கின்றன.

நீர்மட்டம் 79 அடிக்கு வரும்போது பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலைகாட்டும். 69 அடிக்கு இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும். செய்தித்தாள்களுக்கு அது படம். எங்களுக்கு அது ஊர். சில ஆண்டுகளுக்கு முன்பு கோடையில் பரிசல் துறையைத் தாண்டி நடந்தே போனேன். பாளம் பாளமாக வெடித்த சேற்றில், வெடிப்புக்குள் என் முழங்கை வரை போனது. நந்தியின் காதுமடலில் நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. என் பாட்டி அதன் நெற்றியில் மஞ்சள் தடவிக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் சீக்கிரம் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தம் ஊர் மறுபடியும் முழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர்.

நீர் பின்வாங்கும் நிலத்தில் கம்பும் நிலக்கடலையும் எள்ளும் விதைப்போம். திடீரென்று வரத்து அதிகரித்தால் அறுவடைக்கு முன்பே பயிர் முழுகிவிடும். அந்த இழப்புக்குக் கேட்க எங்களுக்கு வாய் இல்லை, ஏனென்றால் நிலம் அணையுடையது. மனுவில் எங்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை; பங்கு என்று பேசும்போது முழுகிய ஊர்கள் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

திருவாரூர் பிறப்பு, அம்மாபேட்டை வாழ்வு எழுதியது:

நான் பிறந்த வீடு டெல்டாவில், புகுந்த வீடு சேலத்தில். இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவள் என்பதால் நிரந்தரப் பங்கு என்ற மூன்றாவது கருத்தை நான் உறுதியாக மறுக்கிறேன்.

மேட்டூர் கட்டப்பட்டதே சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1924 ஒப்பந்தத்தின் வழியாக, கல்லணைக்குக் கீழே ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த நிலத்தை உறுதிப்படுத்தவும், கல்லணைக் கால்வாய் முதலியவற்றின் மூலம் புதிதாக ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கரைச் சேர்க்கவும்தான். அணையின் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி 100 கோடி கன அடி) என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் டெல்டாவின் ஒரு முழுப் பருவத்துக்கு அது போதாது. பருவம் நடக்க நடக்க மேலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் சம்பா கரையேறும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய ஆண்டு அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்ததையும் மறந்துவிடக் கூடாது.

2023இல் ஜூன் 12 அன்று மலர் தூவித் திறந்தார்கள். அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். அந்த ஐப்பசியில் என் அண்ணன் தொலைபேசியில் பேசியது இன்றும் காதில் இருக்கிறது. நாற்று விட்டிருந்தார், உழுதிருந்தார், உரம் வாங்கிக் கொட்டகையில் அடுக்கியிருந்தார். "தண்ணீர் வருமா என்று உங்கள் ஊரில் கேட்டுச் சொல்லம்மா" என்றார், அணை என் வீட்டு வாசலில் இருப்பது போல. அவரிடம் சேலத்துக்கு நிரந்தரப் பங்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் 16 கண் மதகில் போகும் வெள்ளம் வேறு. 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தின்போது, 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போன அந்தத் தண்ணீரில் மேச்சேரி ஏரி நிறைந்திருந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேச்சேரி மேட்டுக்காடு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பங்கு என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். பண்ணவாடி அண்ணன் சொன்னதும் மனத்தில் இருக்கிறது. அப்படியானால் உபரி நீர் என்று கேட்பதே சரி என்று படுகிறது. ஆனால் அதற்காகத்தான் மேட்டூர்–சரபங்கா திட்டம் ஏற்கெனவே இருக்கிறதே, 565 கோடி ரூபாயில் 100 ஏரிகள் என்று 2020இல் அடிக்கல் நாட்டினார்களே, பிறகு என்ன மனு என்று கேட்டால் என்ன சொல்வது?

பூலாம்பட்டி கிழக்குக்கரை எழுதியது:

நாங்கள் கால்வாய்ப் பாசனக்காரர்கள். கிழக்குக்கரையில் 27,000 ஏக்கர், மேற்குக்கரையில் 18,000 ஏக்கர், ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள். அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், ஆகவே குறை இருக்காது என்று நினைக்க வேண்டாம். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகிறது. திறந்த ஆண்டுகளிலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. மேலே இருப்பவர் மடையை அடைக்க மறப்பதும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக ஏரிகளை நிரப்பக் கேட்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை; எங்கள் 137 நாளில் கை வைக்காமல் கேளுங்கள்.

சுரங்க மின்நிலையம் (ஓய்வு) எழுதியது:

சரபங்கா திட்டத்தைப் பற்றித் தம்பி கேட்டதற்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் அமைத்து எம். காளிப்பட்டி ஏரியிலிருந்து தொடங்கி வறண்ட ஏரிகளை நிரப்புவது திட்டம். மொத்தத் தேவை 0.555 டிஎம்சி, பயன்பெறும் நிலம் 4,238 ஏக்கர். ஒரு டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. இப்போது பாருங்கள். உபரியாக ஒரு லட்சம் கன அடி போகும் நாளில், 100 ஏரிகளுக்கும் வேண்டிய மொத்தத் தண்ணீரும் ஒன்றரை மணி நேரத்தில் மதகைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவு சிறிய அளவுதான் நீங்கள் கேட்பது. உங்கள் தாயார் ஒரு நாள் தண்ணீர் என்றாராம். அவர் கேட்டதே அதிகம்.

ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் போவதை ஒன்றரை மணி நேரத்தில் ஏற்ற முடியாது. அதே 0.555 டிஎம்சியை 30 நாளில் ஏற்ற வேண்டுமானால் நொடிக்கு 214 கன அடி வீதம் மோட்டார்கள் நிற்காமல் ஓட வேண்டும். உபரி 10 நாள்தான் நீடித்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏரிகள்தான் நிறையும். ஆகவே அணை முழு நீர்மட்டமான 120 அடியைத் தொட்ட பிறகு மோட்டாரைத் துடைத்து எண்ணெய் விடத் தொடங்கினால் பருவம் கைநழுவிவிடும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, மேலே கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணையும் கபினி அணையும் நிரம்பினால் அடுத்த சில நாட்களில் இங்கே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த முன்னறிவிப்பு கிடைத்த உடனே நீரேற்று நிலையம் தயாராக வேண்டும். மனுவில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். அணை நிறைந்திருக்கும்போது ஒரு டிஎம்சி தண்ணீர் எங்கள் இரண்டு மின்நிலையங்களின் வழியாக இறங்கினால் 30 லட்சம் யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே ஒரு டிஎம்சியைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 11 லட்சம் யூனிட் வேண்டும். அதாவது 30 மீட்டர் ஏற்றினாலே, அணையில் இறங்கிக் கொடுத்த மின்சாரம் முழுவதும் அதற்குப் போய்விடும். மின்நிலையத்துக்குள் போக வேண்டிய தண்ணீரை எடுத்து ஏற்றினால் இரட்டை நட்டம். 16 கண் மதகில் போகும் தண்ணீரோ ஒரு யூனிட்டும் தராமல் போவது. அதை ஏற்றினால் ஏற்றும் செலவு மட்டும்தான். டெல்டாவுக்கும் நட்டமில்லை, மின்சாரத்துக்கும் நட்டமில்லை. ஆகையால் உபரி என்பதற்கு, நிரம்பிய அணையில் மின்நிலையங்களின் கொள்ளளவுக்கு மேல் வெளியேறும் நீர் என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ஏற்காடு காப்பிக்காடு எழுதியது:

மலையிலிருந்து ஒரு சொல். சரபங்கா எங்கள் சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. ஓமலூர், எடப்பாடி வழியாக ஓடி அணைக்குக் கீழே காவிரியில் சேர்கிறது. திருமணிமுத்தாறும் இந்த மலையின் பிள்ளைதான். ஓர் ஆற்றின் பெயரை வைத்து வேறோர் ஆற்றின் தண்ணீரை மோட்டாரால் ஏற்றும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அணையின் மின்சாரம் எங்கள் மலையையும் தொட்டது. மேட்டூரில் 1965இல் அலுமினிய ஆலை வந்தபோது அதற்கு வேண்டிய பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. சுரங்கம் தோண்டிய இடங்களில் மேல்மண் போனால் ஊற்று என்னாகும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சொல்லாமலே அறிவார்கள். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை மாசி வரை ஓடும். இப்போது தை பிறப்பதற்குள் கல் தெரிகிறது. நிழல் மரங்களை வெட்டாமல் வைத்திருக்கும் தோட்டங்களுக்குக் கீழே மட்டும் இன்னும் கசிவு இருக்கிறது.

ஏரி நிரம்ப இரண்டு வாய் வேண்டும். மோட்டார் ஒரு வாய், மலையிலிருந்து வரும் பழைய வரத்து வாய்க்கால் இன்னொரு வாய். தென்மேற்கில் காவிரி நிறைகிறது, வடகிழக்கில் நம் மலை நனைகிறது. இரண்டும் வெவ்வேறு மாதங்கள் என்பதால் ஒன்றுக்கொன்று துணையாகும். ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கி வரும் வாய்க்கால் வீடுகளாலும் வேலிகளாலும் அடைபட்டுக் கிடந்தால், மேட்டூர் தண்ணீர் வந்து நிறைந்த ஏரியும் பங்குனியில் மறுபடி வெடித்துவிடும்.

ஓமலூர் இளைஞன் எழுதியது:

எல்லோரும் உபரியை நம்பிப் பேசுகிறீர்கள். மேகேதாட்டுவில் 67.16 டிஎம்சி கொள்ளளவில், 400 மெகாவாட் மின்நிலையத்தோடு கர்நாடகம் அணை கட்டிவிட்டால் உபரி எங்கிருந்து வரும்? மனுவில் அதையும் சேர்க்க வேண்டும்.

சுரங்க மின்நிலையம் (ஓய்வு) எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது, தம்பி. கிருஷ்ணராஜ சாகர், கபினி ஆகியவற்றுக்குக் கீழே பெய்யும் மழை இன்று தடையின்றி நம்மிடம் வருகிறது. பிலிகுண்டுலுவுக்கு மேலே அவ்வளவு பெரிய தேக்கம் எழுந்தால் முதலில் குறைவது இந்த வெள்ளநீர்தான். மின்சாரம் எடுத்தால் தண்ணீரைக் கீழே விட்டுத்தானே ஆக வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். விடுவார்கள், ஆனால் எந்த நாளில் விடுவது என்ற முடிவு அவர்கள் கைக்குப் போய்விடும். குறுவைக்கு அந்த நாள்தான் உயிர். ஆனாலும் மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் தீர்க்கக்கூடிய செய்தி அன்று அது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மேச்சேரி மேட்டுக்காடு எழுதியது:

மனுவை மாற்றி எழுதிவிட்டேன். மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. அணை நிரம்பி, வெளியேற்றம் 21,500 கன அடியைத் தாண்டும் நாளிலிருந்து எங்கள் பகுதி ஏரிகளுக்கு நீரேற்ற வேண்டும். அதற்காக மோட்டார்களையும் குழாய்களையும் ஆனி மாதத்துக்குள் ஓட்டிப் பார்த்து வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்பே வரத்து வாய்க்கால்களை அளந்து அடைப்புகளை அகற்ற வேண்டும். டெல்டாவின் பாசன நாட்களிலும் கிழக்கு, மேற்குக்கரை கால்வாய்களின் 137 நாட்களிலும் குறைவு ஏற்படாமல் இதைச் செய்ய வேண்டும் என்ற வரியை முதலில் வைத்திருக்கிறேன். பண்ணவாடி அண்ணன் கேட்கவில்லை என்றாலும், நீர்ப்பரப்பில் பயிர் செய்பவர்களுக்கு வரத்து உயரும் முன்பே தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும் என்று கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

திருவாரூர் பிறப்பு, அம்மாபேட்டை வாழ்வு எழுதியது:

ஒரு படி எனக்கு அனுப்பி வையுங்கள், தம்பி. அண்ணனிடம் படித்துக் காட்டி, அவர் ஊர் விவசாயிகளின் கையெழுத்தையும் வாங்கித் தருகிறேன். டெல்டாக்காரர்கள் கையெழுத்திட்ட மனு என்றால் கூட்டத்தில் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

பண்ணவாடிக்காரன் எழுதியது:

தண்டோரா வரிக்கு நன்றி. கூட்டத்துக்குப் பாட்டியையும் அழைத்து வருகிறேன். நடக்கச் சிரமப்படுவார்; மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் யாராவது ஒருவர் நாற்காலிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா?

பூலாம்பட்டி கிழக்குக்கரை எழுதியது:

நான் முன்னதாகவே வந்துவிடுவேன். நாற்காலி என் பொறுப்பு.